தண்டின் கழுத்தில் ஒரு வேல்

நான் பாளையங்கோட்டையில் இயற்பியல் டீச்சர். வாரத்தில் ஐந்து நாள் விசை, உந்தம், முறுக்கம் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். மீதி நேரம் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கிடப்பேன். அது ஊர் சுற்றுகிற கார் இல்லை. கால் மைல் தூரம், நேர்கோடு, பச்சை விளக்கு எரிந்ததும் ஒரே மிதி. பதினைந்து நொடியில் எல்லாம் முடிந்துவிடும். "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. ஆமாம், இதற்குத்தான்! அந்தப் பதினைந்து நொடியில் வருகிற வெறி எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது முழங்கால் நொறுங்கிப்போனது. மூன்று ஆபரேஷன். இப்போது கால் நடக்கும், பைய மாடிப்படி ஏறும், கிளட்சை மட்டும் முழுக்க மிதிக்காது. கிளட்ச் மிதிக்க முடியாதவளுக்குப் பந்தயக் கார் எதற்கு என்று வீட்டில் நைசாகப் பேச்சை ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தேடி அலைந்தேன். கடைசியில் ஒரு பழைய இரும்புக் கடையில், கவிழ்ந்து நசுங்கிக் கிடந்த வெளிநாட்டு வேனில் ஒன்று அகப்பட்டது. இதே மாதிரி இன்னொன்று மதுரை வரைக்கும் கிடைக்காது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். விசாரித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லைதான்.

ஆனால் வேன் நீளம், என் கார் குட்டை. கியர்பாக்ஸின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுதான் சுற்றைப் பின்சக்கரங்களுக்கு அனுப்புவது. அது என் காருக்கு ஒரு சாண் அதிகம். அதை வெட்டிக் குறுக்கி, நுனியில் புதிதாகப் பல் வெட்ட வேண்டும். வெட்டு பிசகினால் மாற்றுத் தண்டு கிடையாது. தண்டு போனால் கியர்பாக்ஸ் போச்சு. கியர்பாக்ஸ் போனால் நான் இனிமேல் ஓரமாக நின்று கை தட்டுகிறவள்தான்.

தண்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விக்கிரமசிங்கபுரத்துக்குப் பஸ் ஏறினேன். "என்ன டீச்சர், உலக்கையா?" என்றார் கண்டக்டர். மில்லுக்குப் பக்கத்தில் ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும், ஆனால் ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் எனக்கும் அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு, காதில் செருகிய சாக்பீஸ் துண்டு. தண்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"நடுவுல வெட்டி எடுத்துட்டு வெல்டிங் வச்சிருவோமா டீச்சர்? பவர் டில்லருக்கெல்லாம் அப்படித்தான் செய்யுதோம்."

"டில்லர் வயல்ல பைய போவும் அண்ணாச்சி. இது நின்ன இடத்துலருந்து பாயும்லா? மொத்த முறுக்கும் ஒரே அடியா இதுலதான் விழும். வெல்டிங்னு பேசப்படாது."

"சரி, பேசல," என்றார்.

அப்புறம் அந்த மனிதர் செய்த வேலை இருக்கிறதே! தண்டைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஒரு நாள் முழுக்க ஆற விட்டார். அப்போதுதான் இரும்பு இளகி வெட்டுக்கு வருமாம். மூன்று தடவை அளந்து, நான்காவது தடவை என்னை அளக்கச் சொல்லி, அதன் பிறகுதான் வெட்டினார். ஒவ்வொரு பல்லாகக் கடைந்து முடித்து, காரின் இணைப்பை அதன் மேல் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். தட்டாமல், இடிக்காமல் கடைசி வரைக்கும் உள்ளே போய் உட்கார்ந்தது. நான் போட்ட சத்தத்தில் தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்றுவிட்டார். இனித் தண்டை மறுபடியும் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

மறுநாள் போனேன். தண்டு இன்னும் இறுக்காமல், பளபளவென்று துணிமேல் கிடந்தது. பல்லுக்கும் பேரிங் உட்காரும் இடத்துக்கும் நடுவில் கழுத்து மாதிரி ஒடுங்கிய பகுதி ஒன்று உண்டு. தண்டிலேயே மெலிந்த இடம் அதுதான். அங்கே உளியால் அழுத்தமாகக் குத்தி ஒரு வேல்! பக்கத்தில் பட்டறையின் அடையாள எழுத்து.

தன் பட்டறையை விட்டுப் போகிற எந்தச் சாமானிலும் அண்ணாச்சி வேல் குத்தாமல் விடுவதில்லை. மில்லுக்குப் போகிற உருளையானாலும் சரி, கிணற்று மோட்டார் தண்டானாலும் சரி. எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு என் வாய் சும்மா இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

"என்ன அண்ணாச்சி இது, இங்கன கொண்டு கிறுக்கி வச்சிருக்கீய? என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீயளே!"

அவர் முகம் கறுத்துவிட்டது. என் கழுத்துச் சிலுவையை ஒரு பார்வை பார்த்தார். "சாமி குறிய கிறுக்கல்ங்கீய. உங்க சாமி வேற, சரி. அதுக்கு இப்படியா பேசுவாவ?" லேத்தை அணைத்தார். தண்டைச் சாக்கில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் குதித்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கீறல்னு சொல்ல வேண்டிய எடத்துல கிறுக்கல்னுருக்கே. அந்த மனுசன் மூணு நாளா ஒனக்காக வெந்துருக்காரு," என்றார். ராத்திரி முழுக்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் சொல்ல வந்தது வேறு. ஒரு குத்து போதும், முறுக்கு விழும்போது இரும்பு அங்கிருந்துதான் வாய் பிளக்கும். அதை விட்டுவிட்டு நான் அவர் கும்பிடுகிற சாமியைக் கிறுக்கல் என்றிருக்கிறேன்.

மறுநாள் லீவு போட்டுத் தண்டோடு கிளம்பினேன். பள்ளிக்கூடச் சாக்பீஸ் இரண்டு கைப்பையில் இருந்தது. பட்டறை வாசலில் நின்று, "தப்பா பேசிட்டேன் அண்ணாச்சி, மன்னிச்சிருங்க," என்றேன். அவர் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சாக்பீஸை நீட்டி, "இத முறுக்கிப் பாருங்க," என்றேன். வேண்டாவெறுப்பாக முறுக்கினார். நன்றாகத் தாக்குப்பிடித்து அப்புறம்தான் ஒடிந்தது. மற்றதில் நகத்தால் ஒரு கீறு போட்டுக் கொடுத்தேன். கை வைத்த உடனே, கீறிய இடத்திலேயே பொட்டென்று போய்விட்டது.

அவர் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்டை என் கையிலிருந்து வாங்கி, வேல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"வேலு கோவிச்சுக்கிட மாட்டாரு. நான்தான் கோவிச்சுக்கிட்டேன்," என்றார். "கழுத்தச் சுத்தி மயிரிழ மயிரிழயா எடுத்து, குறி மறையற வரைக்கும் கடைஞ்சிருதேன். ஆனா கழுத்து இன்னும் மெலியும். தாங்குமா?"

"கீறல் இல்லாம மெலிஞ்சா தாங்கும். தாங்கணும்."

"எங்கன குத்துனா அதுக்கு நோவாது?"

தண்டின் கடைசி நுனியில், தட்டையான முகத்தின் நடுவைக் காட்டினேன். முறுக்கு எதுவும் எட்டாத இடம். நான் தண்டைப் பிடித்துக்கொள்ள, அவர் அங்கே வேல் குத்தினார். என் உள்ளங்கை வரைக்கும் அதிர்ந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகுதான் தண்டைக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்கிக் கொடுத்தார்.

பந்தயம், ஊருக்கு வடக்கே காற்றாலைகளுக்கு நடுவில் கிடக்கும் ஒரு பழைய விமான ஓடுதளத்தில். கணவரோடு அண்ணாச்சியும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் என் காலைத்தான் முதலில் பார்த்தார்கள். "இந்தக் காலோட வந்ததே பெரிசு மேடம், பாத்து மெதுவா போங்க," என்றார் கொடி பிடிக்கிறவர். பல்லைக் கடித்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினேன்.

கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது காலை அழுத்தினேன். எஞ்சின் இரைந்தது, கார் பின்பக்கம் குந்தியது. முறுக்கெல்லாம் அந்த மெலிந்த கழுத்தில் ஏறி நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். ஒடிந்தால் இப்போதுதான் ஒடியும். பச்சை!

கையை விட்டேன். யாரோ முதுகில் எட்டி உதைத்த மாதிரி இருந்தது. அம்மாடி! ஒடியவில்லை! கியர் தானாக மாறியது, அடுத்த உதை. காற்றாலைகள் இரண்டு பக்கமும் பறந்தன. நான் ஹெல்மெட்டுக்குள் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இடது கால் நீட்டினபடி சும்மா கிடந்தது. பக்கத்து வரிசைக்காரர் எனக்கு முன்னால் எல்லையைத் தாண்டினார், அரை கார் நீளம்கூட இருக்காது. நானும் தாண்டினேன்.

காரைத் திருப்பி நிறுத்துவதற்குள் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன்.

எழுந்து வந்தவரின் திருநீறெல்லாம் எண்ணெய். "ஒரு கீறல் கெடையாது. கல்லு மாதிரி இருக்கு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்தார். "தண்டு நல்லாத்தான் இருக்கு. நீங்கல்லா பச்ச விழுந்தப்புறம் அரை நொடி ஒறங்கிட்டீய! கையில வந்த ஜெயிப்ப விட்டுட்டீய, போங்க. வண்டி ஓட்டத் தெரியாதா ஒங்களுக்கு?"

விபத்துக்கு அப்புறம் என்னை இப்படி வாய்க்கு வந்தபடி ஒருவரும் திட்டியதில்லை. காலைச் சொல்லாமல், என்னைச் சொல்லி. கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது, சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

"அடுத்த ஓட்டத்துல பாரும் அண்ணாச்சி!" என்று கத்திவிட்டுக் காரை வரிசைக்குத் திருப்பினேன்.