அக்காவின் பிழைக் கட்டளைகள்

நினைவு மலர் என்றால், இறந்தவர் ஒருநாளும் கோபப்படாதவர், பொய்யே சொல்லாதவர் என்று எழுதுவது எங்களிடையே வழக்கம். அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் அவரே எழும்பி வந்து சிவப்புப் பேனையால் சுழித்துவிடுவார். அக்கா நல்ல கோபக்காரி. அதோடு, பதினொரு வருடமாக அம்மாவிடம் ஒரே பொய்யைச் சொல்லிவந்தவர். அந்தப் பொய்க்கு உடந்தை நான். அவருடைய முதலாவது ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளும் நண்பர்களும் அந்தக் கதையை என் வாயாலேயே அறிந்துகொள்வதுதான் முறை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்கா சுன்னாகத்தில், எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் எட்டு வருடம் கழித்துப் பிறந்தவன். அதனால் எனக்கு இரண்டு அம்மாமார். ஒருவர் சோறு போட்டார், மற்றவர் காதைத் திருகினார். படிப்பில் அக்கா கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் மாணவத் தலைவியாக இருந்தபோது அதிபரையே கேள்வி கேட்டு, வகுப்புக்கு வெளியே நின்றதாகவும் ஒரு பெருமை அவருக்கு உண்டு.

எங்கள் எல்லோருடைய வாழ்க்கையையும் மாற்றிய ஒரு காலைநேரம் உண்டு. சீருடை போட்ட இரண்டு பேர் வந்து அப்பாவை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவனுக்குப் பதினெட்டு வயதுகூட இராது. "தம்பி, உன்ரை பேரென்ன?" என்று அம்மா கேட்டார். அவன் பெயரைச் சொல்லவில்லை. "மேலிடத்துக் கட்டளை, நான் என்ன செய்ய," என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். அப்பா மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ஆனால் அதன்பின் இறக்கும்வரை வாசற்கதவை அவர் தன் கையால் திறந்ததில்லை. அம்மாவுக்கோ அன்றிலிருந்து சீருடை என்றாலே கை நடுங்கும்.

அக்கா படிப்பதற்காக நோர்வே வந்து, படிப்பு முடிந்ததும் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். பகலே வராத குளிர்காலத்தில் மீன் வெட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்களிடம் நோர்வே மொழி பேசிப் பழகினார். அதனால் கடைசிவரை அவருடைய நோர்வே மொழியில் வடக்கின் இழுவை இருந்தது. ஒஸ்லோவில் அதைக் கேட்டுச் சிரித்தவர்களிடம், "இது மீன் படிப்பிச்ச மொழி, பிழை இருந்தால் மீனிட்டைச் சொல்லுங்கோ," என்பார். என்னையும் பிறகு அம்மாவையும் நோர்வேக்குக் கூப்பிட்டது மீன் வெட்டிய அந்தக் கைகள்தான்.

ஒஸ்லோ வந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, ஒரு மேல்நிலைப் பள்ளியில் சமூகக்கல்வி ஆசிரியையானார். அம்மாவும் அவரும் அம்மருட்டில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்தார்கள். நான் குரோருட்டில் குடும்பமாகினேன். எனக்கு ரீ-பானே என்ற நகர ரயிலை ஓட்டும் வேலை. அதற்கும் ஒரு சீருடைச் சட்டை இருக்கிறதே. அம்மாவிடம் போகும் நாட்களில் அதைக் கழற்றி வேலையிடத்து அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் போவேன். கட்டடப் பராமரிப்பாளர் பளபளக்கும் பட்டி வைத்த உடுப்போடு மணி அடித்தாலே அம்மா குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு மகனும் சீருடைக்காரன் என்று காட்டுவானேன்?

பிறகு ஒருநாள், அக்காவின் பள்ளியில் இராணுவப் பயிற்சியோடு படிக்கும் கடெற் பிரிவொன்று தொடங்கியது. புதன்கிழமைகளில் பிள்ளைகள் சீருடையில் வருவார்கள். அணிநடையும் காட்டுப் பயிற்சியும் ஓர் அதிகாரியின் பொறுப்பு. தலைமைத்துவமும் குடிமைக் கடமையும் என்ற பாடத்துக்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். யாருமே முன்வராத நிலையில் அக்கா கை உயர்த்தினார். எனக்கு விசர் பிடித்தது.

"உனக்கென்ன பைத்தியமே? அம்மாவுக்குத் தெரிஞ்சால்?"

"அண்டைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன பெடியனுக்குப் பதினெட்டு வயசும் இராது," என்றார் அக்கா. "'மாட்டன்' எண்டு சொல்லலாம் எண்டு அவனுக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. நான் படிப்பிக்கப் போறன். அம்மாவிட்டை நீ வாய் திறக்கக் கூடாது."

அப்படித்தான் அந்தப் பொய் தொடங்கியது. அம்மாவைப் பொறுத்தவரை மகள் "சாதாரணப் பிள்ளையளுக்கு" சட்டமும் தேர்தலும் படிப்பித்தார். பயிற்சிக்குப் போடும் பச்சைச் சட்டை பள்ளி அலுமாரியில் தொங்கியது. என்னுடையது ரீ-பானே அலுமாரியில். ஒரு குடும்பத்துக்கு ஒளித்துவைத்த சீருடைகள் இரண்டு.

அக்காவின் வகுப்புக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாடத்திலும் எங்காவது ஓரிடத்தில் ஒரு பிழைக் கட்டளை கொடுப்பார். நேரம் சொல்லமாட்டார், முகமும் மாறாது. முதன்முதலில் கொடுத்த கட்டளை இது: "வீட்டில் நோர்வே மொழி பேசாதவர்கள் எல்லோரும் கடைசி வரிசைக்குப் போங்கள்." ஆறு பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார்கள். மற்றவர்கள் நகர்ந்து வழி விட்டார்கள். அன்று வேலை முடிந்து நான் வந்தபோது அக்கா குரோருட் நிலையத்து வாங்கிலில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார். "போட்டுதுகளடா. ஒரு கதையில்லாமல் எழும்பிப் போட்டுதுகள்," என்றார்.

அதற்குப் பிறகுதான் மறுப்பதற்கு முறை வகுத்தார். பிழைக் கட்டளை என்று பட்டால் கை உயர்த்த வேண்டும். முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர் சொல்லாதவனின் மறுப்பு வெறும் சத்தம். பிறகு காரணம், அதன்பின் வேறு என்ன செய்யலாம் என்ற யோசனை. எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது இன்னொன்று: அந்தக் கட்டளையால் யாருக்குப் பாதிப்போ, அவரிடம் கேட்காமல் எதையும் முடிவெடுக்கக் கூடாது. சும்மா மறுத்துப் பெயரெடுக்கவும் வழியில்லை. சரியான கட்டளையை மறுத்தவர் முழு வகுப்புக்கும் கோப்பை கழுவ வேண்டும். சோம்பேறித்தனத்துக்குக் கொள்கை என்று பெயர் வைக்க அக்கா விடமாட்டார்.

பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று அவருக்கு விளங்கியது ஒரு சித்திரை மாதம். காட்டுப் பயிற்சிக்குத் துணையாகப் போன இடத்தில் களைத்துப்போய், "உறைந்த ஏரிக்குக் குறுக்கே நடப்போம், அரைமணி நேரம் மிச்சம்," என்றிருக்கிறார். உடனே நாலு கைகள் உயர்ந்தன. நாலு பெயர்கள், ஒரே காரணம்: ஓடை வந்து விழும் இடத்தில் பனிக்கட்டி மெலிந்துவிட்டது. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது, ஏனென்றால் அது சோதனையே அல்ல. உண்மையிலேயே தெரியாமல் சொன்ன கட்டளை. ஒரு பெடியன் நீளமான தடியால் குத்திக் காட்டினான். தடி பொத்தென்று உள்ளே போனது. அக்கா ஏரியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "எல்லோரும் பாஸ்," என்று சொல்லிவிட்டுச் சுற்றுவழியால் நடந்தார்.

இதைப் பள்ளிச் சுற்றுலாவாக மாற்றி அம்மாவுக்கும் சொன்னார். "அந்தப் பிள்ளையளுக்கு உன்னைவிட மூளை கிடக்கு," என்றார் அம்மா. அக்காவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு யாரும் கொடுத்ததில்லை. அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தார். பாட்டும் கறியும் சுமார்தான்.

போன வருடத்துக்கு முந்திய வருட இலையுதிர்காலத்தில் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் தன் நோயைப் பாடத்திட்டம் மாதிரியே நடத்தினார்: எந்த வாரம் என்ன, யார் யாருக்குச் சொல்வது என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார். இனி வீடு திரும்பமாட்டேன் என்று விளங்கிய ஒரு மத்தியானம் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"என்ரை செத்தவீட்டுக்குக் கடெற் பிள்ளையள் வர நிப்பினம். ஒரு சீருடையும் அங்கை நிக்கக்கூடாது. அம்மா தாங்கமாட்டா. நீ போய்ச் சொல்லிப்போடு, இது என்ரை கட்டளை எண்டு."

நான் பள்ளிக்குப் போனேன். பத்தொன்பது பேர் இருந்தார்கள். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"என் பெயர் இங்வில்," என்றாள் அந்தப் பிள்ளை. "இது பிழைக் கட்டளை என்று நினைக்கிறேன். எங்கள் சீருடையால் பாதிக்கப்படப் போகிறவர் உங்கள் அம்மா. அவரிடம் யாராவது கேட்டீர்களா?"

நான் ரயில் ஓட்டுகிறவன். சிவப்பென்றால் நிற்பேன், பச்சையென்றால் போவேன். அந்தக் கேள்வி எனக்குச் சிவப்பு விளக்கு. பதினொரு வருடமாக அக்காவும் நானும் அம்மாவுக்காக என்று சொல்லிச் சொல்லி, அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. தன் வகுப்பில் வாராவாரம் படிப்பித்ததை அக்கா வீட்டில் செய்யவேயில்லை. நேரே அம்மருட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. வழமைபோல ஆசுப்பத்திரிக்கு வந்தார், அக்காவின் காலைத் தடவினார், முகத்தை மட்டும் யன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், எழும்ப முடிந்திருந்தால் காதைத் திருகியிருப்பார். மகள் கோபத்தோடு போய்விடுவாரோ, தாய் கோபத்தோடு மிஞ்சிவிடுவாரோ என்று நான் மிகவும் பயந்துபோனேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா சொன்னார்: "அந்தக் கை தூக்கின பிள்ளையை வரச்சொல்லு. நான் பாக்கவேணும்."

இங்வில் அம்மருட் வீட்டுக்குச் சாதாரண உடுப்பில் வந்தாள். சீருடை முதுகுப் பையில் இருந்தது. போட்டுக் காட்டவா, வேண்டாமா என்று வாசலிலேயே நின்று கேட்டாள். அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அம்மாவின் கேள்விகளை நான் நடுவிலிருந்து மொழிபெயர்த்தேன்.

"ஒரு வீட்டுக்குப் போய் அங்கை இருக்கிற மனிசனைக் கூட்டிக்கொண்டு வா எண்டு உன்ரை மேலதிகாரி சொன்னால் என்ன செய்வாய்?"

பிள்ளை யோசித்தது. "எந்தச் சட்டத்தின்படி என்று கேட்பேன். எழுத்தில் உத்தரவு கேட்பேன். இல்லையென்றால் என் பெயரைச் சொல்லி, போகமாட்டேன் என்பேன்."

"போகவேண்டி வந்தால்?"

"அந்த வீட்டுக்காரருக்கும் என் பெயரைச் சொல்லுவேன்."

அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு தட்டு நிறைய வடையோடு வந்தார். அந்தப் பிள்ளை ஐந்து வடை சாப்பிட்டது. ஐந்தாவது வடையின்போது அம்மா, "எல்லாரையும் அந்த உடுப்போடையே வரச்சொல்லு," என்றார்.

அன்று பின்னேரம் ஆசுப்பத்திரியில் அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். "என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பிள்ளை."

"ஓம் அம்மா. அது என்ரை பிழைதான்," என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, மூச்சு வாங்கச் சிரித்தார். "என்ரை கடைசிக் கட்டளையையும் மறுத்துப்போட்டுதுகள் பாத்தியே?" அவ்வளவு சந்தோசமாக நான் அவரைக் கண்டதில்லை. அந்தச் சிரிப்போடு இன்னும் ஒன்பது நாள் எங்களோடு இருந்தார். அம்மாவும் அவரும் அந்த ஒன்பது நாளும் கதைத்த கதைக்கு அளவில்லை. தாதிமார் இரண்டு தடவை வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

அந்தத் தாதிமாருக்கும் மருத்துவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவைத் தனியே விடாமல் முறைவைத்துத் துணையிருந்த ஒன்பதாம் மாடி அயலவர்களுக்கும், ஹம்மர்பெஸ்டிலிருந்து பனிப்புயலுக்குள் பறந்து வந்த அக்காவின் பழைய வேலைத் தோழியருக்கும், கிரியைகளை நடத்திவைத்த குருக்களுக்கும், சமைத்தவர்களுக்கும், அக்காவுக்குப் பிடிக்காத மலர்வளையத்தைத் தெரியாமல் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி.

நிறைவாக அந்தப் பத்தொன்பது பிள்ளைகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இறுதிக் கிரியையன்று தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் அம்மாவின் முன்னால் நின்று, யாரிடமோ கேட்டுப் பாடமாக்கிவந்த தமிழில், "என்ரை பேர்" என்று தொடங்கித் தங்கள் பெயரைச் சொன்னார்கள். அம்மா ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லி, அவர்களின் கையைப் பிடித்தார். அவருடைய கை நடுங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வரிசையின் கடைசியில் நான் போய் நின்றேன். அன்று காலை முதல்முறையாக என் ரீ-பானேச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். "என்ரை பேர்…" என்று தொடங்கினேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்ரை பேரை வைச்சதே நான்தான்," என்றார். "மேல் பொத்தானைப் பூட்டு. உன்ரை அக்கா பாத்துக்கொண்டிருக்கிறாள்."