மூதூர் குளிர் அறையின் திறப்பு

மூதூர் குளிர் அறையில் ஒரு பாரை மீன் கண்ணைச் சிமிட்டினால் ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் கதிரையில் இருக்கும் பிரசாந்தினிக்குத் தெரிந்துவிடும். மீனுக்கு இமை கிடையாது என்பதால் இந்தப் பேச்சு கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. குறைத்துச் சொன்னால் இவ்வளவுதான்: அவள் வேலை செய்யும் மீன் கம்பனிக்கு மூதூரிலும் கிண்ணியாவிலும் இலங்கைத்துறையிலும் குளிர் அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையின் வெளிச்சுவரிலும் ஒரு சின்னப் பெட்டி. கதவு திறந்தது, கரண்ட் போய்த் திரும்ப வந்தது, குளிர் குறைந்தது என்று நடப்பதையெல்லாம் அது அலுவலகத்துச் சேவர் கணினிக்கு உடனுக்குடன் அனுப்பும். அந்தச் சேவரைப் பூட்டி ஓடவைத்தவளும் பார்த்துக்கொள்பவளும் பிரசாந்தினிதான்.

அவளுடைய தகப்பன் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்தவர். தாங்கியில் ஒரு தட்டுத் தட்டி, எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சொல்லுவார். காதை நம்புகிற அந்தப் பழக்கம் மகளுக்கும் வந்திருந்தது. காலையில் சேவர் அறைக் கதவில் காதை வைப்பாள். விசிறிச் சத்தம் சீராக இருந்தால் தன் மேசைக்குப் போய்விடுவாள்.

சரஸ்வதி பூசை முடிந்து சில நாளில் மூதூர் அறையில் மீன் முழுவதும் பழுதாய்ப் போனது. மனேஜர் ஞானசேகரம் சேவரைத் திறந்து பார்த்தார். மூதூரிலிருந்து ஒரு வரிகூட இல்லை. அறையைப் பார்த்துக்கொண்ட ஜமால்தீனைக் கூப்பிட்டார்.

“பெட்டி கதைக்கயில்லை எண்டால் கரண்ட் இல்லை. மெயினை நிப்பாட்டினது ஆர்?”

“மிசின் தானா நிண்டது சேர். நான் உடனே மெக்கானிக்குக்குப் போன் அடிச்சன்.”

“அவன் பின்னேரம்தான் வந்தவன். அதுக்கிடையில நீர் மெயினை நிப்பாட்டிப்போட்டு வீட்ட போய்ப் படுத்திருப்பீர்.”

“நான் கை வைக்கல்ல சேர்.”

“திறப்பை வையும். திங்கட்கிழமை பொலிசில கதையும்.”

ஜமால்தீன் கழுத்திலிருந்த நைலோன் கயிற்றைக் கழற்றினார். அறைப் பூட்டின் அந்தத் திறப்பு வருசக்கணக்காக அங்கேதான் தொங்கியது. அதை மேசையில் வைத்தபோது அவருடைய மற்றக் கை தானாக வெறும் நெஞ்சைத் தடவியது. பிரசாந்தினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சேவர் பொய் சொல்லாது என்றுதான் அவளும் நினைத்தாள். காலையில்கூட விசிறி நன்றாகத்தானே ஓடியது!

ஒழுங்கான நாளொன்றின் பதிவு எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கிண்ணியாவைத் திறந்தாள். வெறுமை. இலங்கைத்துறையும் வெறுமை. பூசை நாளிலிருந்து மூன்று இடமுமே மௌனம். மீன் நாறிய இடத்தை மட்டுமே எல்லாரும் தேடியிருக்கிறார்கள்.

கிண்ணியாவுக்குப் போன் எடுத்து, கதவை ஒருதரம் திறந்து மூடச் சொன்னாள். சேவரின் வயருக்குள் வருவதையெல்லாம் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணியாவின் செய்தி வந்தது. ஆனால் பதிவில் ஏறவில்லை. வாசல்வரை வந்த ஆளை யாரோ உள்ளே விடவில்லை.

விடாதது சேவரின் காவல் மென்பொருள். பெட்டிகளின் செய்தி வரும் வழியை அது மூடி வைத்திருந்தது. மூடியதன் காரணத்தை நாள் நாளாகப் பின்னோக்கித் தேடினாள். பூசைக்காகச் சேவரை முதல்முறையாக நிப்பாட்டி, சந்தனம் வைத்துப் பூச் சாத்தினார்கள். மறுநாள் திரும்பப் போட்டார்கள். அவள் காதை வைத்தாள், விசிறி ஓடியது. சேவரைப் பூட்டிய காலத்தில் அந்த வழியைத் தற்காலிகமாகத் திறந்தவள், நிரந்தரமாக எழுதிவைக்க மறந்திருந்தாள். அணைத்துப் போட்டதும் அது பழையபடி மூடிக்கொண்டது.

இந்த முறை நிரந்தரமாக எழுதினாள். கிண்ணியாக் கதவு இன்னொருதரம் திறந்தது, வரி பதிவில் விழுந்தது. பிறகு மனேஜரின் அறைக்குப் போனாள்.

“பிழை என்ர, சேர். பெட்டி கதைச்சிருக்கு. நாங்கள்தான் கேக்கயில்லை.”

“இதால உமக்கு என்ன வரும் எண்டு யோசிச்சனீரோ?”

“ஓம். மூதூருக்குப் போக வேன் வேணும்.”

“வேன் தர ஏலாது.”

“அப்ப பஸ்ஸில போறன்.”

அவசரம் இருந்தது. ஒருமுறை அனுப்பிய செய்தியைப் பெட்டி திரும்ப அனுப்பாது. தன் வயிற்றுக்குள் ஒரு பிரதி வைத்திருக்கும், ஆனால் புதியது வர வரப் பழையது அழிந்துபோகும். கிண்ணியாப் பாலத்தில் பஸ் மெதுவானபோதெல்லாம் அவள் முன் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

அந்த நாள் பெட்டிக்குள் இன்னும் இருந்தது. கரண்ட் ஒரு கணமும் போகவில்லை, குளிரூட்டும் மிசின் தானாகவே நின்றிருக்கிறது. அதன்பின் கதவு திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது என்று பின்னேரம்வரை வரிகள். விளங்காமல், அண்ணன் முறையில் அவள் காக்கா என்று கூப்பிடும் ஜமால்தீனுக்குப் போன் எடுத்துக் கேட்டாள்.

“ஐஸ், புள்ள. படகு ஜெட்டியில இருந்து தூக்கித் தூக்கி மீனுக்கு மேல போட்டன். அதுவும் போதாமப் போயிட்டு.”

“ஏன் காக்கா இதைச் சேரிட்டச் சொல்லயில்லை?”

“மீன் பழுதாப் போயிட்டுதானே. சொல்லி என்ன?”

திங்கட்கிழமை அந்த வரிகள் ஞானசேகரத்தின் மேசைக்கு வந்தன. பொலிசுக்கு யாரும் போகவில்லை. அலுவலகமே எழுந்து நிற்க, மனேஜர் கண் கலங்கி, திறப்புக் கயிற்றைத் தன் கையாலேயே ஜமால்தீனின் கழுத்தில் மாலைபோல் போட்டுவிட்டார்.

“கதை அளக்காதேங்கோ அம்மம்மா,” என்கிறாள், என் தோளுக்கு மேலால் நான் எழுதுவதை வாசித்துக்கொண்டு நிற்கும் பிரசாந்தினி. “ஆரும் எழும்பயில்லை. சேர் போனில கதைச்சுக்கொண்டே திறப்பை மேசையில தள்ளிவிட்டவர். நான்தான் எடுத்துக் காக்காட கையில குடுத்தனான். அவர் அதைக் கழுத்தில போடயில்லை. பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போனவர்.”