உறவு என்ற இடத்தில் ‘அக்கா’

சென்ற வியாழக்கிழமை மாலை எங்கள் மாவுக்கடையில் இட்லி மாவை அள்ளிப் பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கவிதா அக்கா வந்து அரைக் கிலோ கேட்டார். அவர் பல்கலைக்கழகத்தில் படிப்பவர். துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளுடன் மருத்துவமனையில் போய் இருக்கும் சிலரில் ஒருவர். பையை வாங்கும்போது குனிந்து, “மெஹர் அக்கா போய்ட்டாங்கடி. காலைல, நெஞ்சுவலி” என்றார். எனக்குப் பின்னால் அப்பா கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. “வேற எதுனா வேணுமாக்கா?” என்று கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக நூலகத்தில் நீங்கள் எல்லோரும் கூடி அவரைப் பற்றிப் பேசுவீர்கள். என்னால் வர முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் தாளைச் சமூக அறிவியல் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

உங்களுக்கு அவர் நூலகத்தில் புத்தகங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கிவைக்கும் மெஹருன்னிசா. நான் அவரை அங்கே பார்த்ததே இல்லை. பெண்கள் வார்டில்தான் பார்த்தேன். போன மழைக்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மருத்துவர் ஒரு நோயின் பெயரைச் சொன்னார். அதை எழுத எனக்குத் துணிவில்லை. “மாவுக்கடைக்காரன் பொண்டாட்டிக்கு இந்த நோவுன்னா எவன் வாங்குவான்? வாயத் தொறக்காத” என்றார் அப்பா. அம்மா திண்டிவனத்துக்குப் போயிருப்பதாகத் தெருவில் சொன்னார். அதை எல்லோரும் நம்புவதற்காக ஒரு நாள்கூடக் கடையைப் பூட்டவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர், என்னைப் போல.

இரவில் பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். எனக்கு வயது போதாது. அம்மா தனியாகக் கிடந்தார். ஒரு நாள் எக்ஸ்ரே எடுத்தபிறகு, சக்கர நாற்காலியைத் தள்ளிப்போக ஆள் இல்லாமல் நடைகூடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேறு யாருக்கோ துணையாக வந்திருந்த மெஹர் பெரியம்மா கேட்டாராம்: “யாரும்மா ஒன்கூட இருக்காங்க?” பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியைத் தள்ளத் தொடங்கிவிட்டார்.

இரவு தங்குவதற்கு அட்டெண்டர் சீட்டு வேண்டும். அதை உறவினருக்குத்தான் கொடுப்பார்கள். உறவு என்று இருந்த இடத்தில் அவர் ‘அக்கா’ என்று எழுதினார். அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே இருந்தேன். சிஸ்டர் சீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“உன் பேரு மெஹருன்னிசா. தங்கச்சி பேரு மட்டும் இப்படியா?”

“எங்கப்பாவுக்குப் பேரு வைக்கிறதுல ஒரு நிலையே கெடையாது சிஸ்டர்.”

“போன வாரம் எட்டாம் பெட்டுக்கு நாத்தனாருன்னு எழுதின?”

“பெரிய குடும்பம்.”

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பெரியம்மா என் பக்கம் திரும்பி, “இவங்க எதுர பெரியம்மான்னு கூப்புடு, மாட்டி விட்டுடாத” என்றார். அப்படித்தான் எனக்கு அந்த வார்த்தை வந்தது.

படிப்பு, ஒழுக்கம் என்று என்னிடம் அவர் எதுவும் பேசியதில்லை. நூலகத்து ஸ்டிக்கரில் ‘கா’, ‘இ’ என்று எழுதி, காலை மாத்திரைக்கும் இரவு மாத்திரைக்கும் ஒட்டினார். அம்மாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நான் விழித்தபோது, “பேச்ச வுடு. தண்ணி பாட்டில் கைக்கெட்டுற மாதிரி இருக்குதா பாரு. அது போதும்” என்றார். பயங்கரமாகக் குறட்டை விடுவார். “தொணைக்கு வந்தவங்களால எனக்குத்தான் தூக்கம் போச்சு” என்று அம்மா சொன்னபோது, அவரே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

தொண்டு செய்யும் ஊழியர்களையும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் பல்கலைக்கழகம் பாராட்டுவது உங்களுக்குத் தெரியும். கவிதா அக்கா வற்புறுத்தியதால் பெரியம்மாவும் விண்ணப்பித்தார். சான்றாக அட்டெண்டர் சீட்டுகளைக் கட்டாக எடுத்துப்போனார். எல்லாவற்றிலும் அக்கா, அத்தை, நாத்தனார். “சொந்தக்காரங்களப் பாத்துக்கிறது கடமைம்மா. தொண்டுல வராது” என்று தேர்வுக் குழுவில் இருந்தவர் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரியம்மா வார்டுக்கு வந்து, “புதுச்சேரி பூரா எனக்குச் சொந்தம்னு சொல்லிட்டாங்க” என்று நடித்துக் காட்டினார். ஆனால் அன்றிரவு குறட்டைச் சத்தம் கேட்கவில்லை என்று அம்மா சொன்னார். பாராட்டுப் பத்திரத்துக்காக அவர் ஏங்கவில்லை. பல்கலைக்கழகம் இதைத் தொண்டு என்று ஏற்றுக் கடிதம் கொடுத்தால், தொண்டர்களுக்கென்றே மருத்துவமனையில் சீட்டு கிடைக்கும். “எனக்கப்புறம் வர்ற புள்ளைங்களும் பொய் சொல்லிக்கிட்டேதான் உள்ள போவணுமா?” என்றாராம்.

இப்போது வார்டில் கெடுபிடி. கவிதா அக்காவை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அந்தக் குழுவினரும் வருகிறார்கள். ‘இவர் எங்கள் உறவினர் இல்லை’ என்று நோயாளி வீட்டார் யாராவது எழுதிக் கொடுத்தால் பெரியம்மாவின் விண்ணப்பத்தை மறுபடி பார்ப்பார்களாம். கவிதா அக்கா கேட்டுப்போன வீடுகளில் ஒருவரும் எழுதவில்லை. அவர்களுக்கும் எங்களைப் போலவே ஒரு திண்டிவனம் இருக்கும்.

பெயர் போடாமல் கொடுத்துவிடலாம் என்றுதான் இதுவரை எழுதினேன். இந்த இடத்தில், பக்கத்தில் படுத்திருந்த அம்மா விழித்துக்கொண்டார். தாளை வாங்கி விளக்கருகில் பிடித்துப் படித்தார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன்.

“பேரு இல்லாம குடுத்தா யார்டி நம்புவாங்க?”

“அப்பா திட்டுவாரும்மா...”

“அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். என் பேர எழுது. நோவையும் எழுது.”

தாளை என் முன்னால் திருப்பி வைத்தார். எழுதுகிறேன். கருவடிக்குப்பம் மாவுக்கடை வளர்மதி என் அம்மா. அவருக்கு டி.பி. வந்தது, மருந்து முழுவதும் சாப்பிட்டுக் குணமாகிவிட்டது. அந்த நாட்களில் இரவெல்லாம் அவருடன் இருந்த மெஹருன்னிசா எங்களுக்கு எந்த வகையிலும் உறவினர் இல்லை.

இந்த வரியில் பேனா மூன்று முறை நின்றது. அவர் எழுதிய ‘அக்கா’வை நானே அடிக்க வேண்டியிருக்கிறது.

அம்மாவின் மருந்துச் சீட்டுகளோடு இருந்த அந்த அட்டெண்டர் சீட்டையும் இதனுடன் வைத்திருக்கிறேன். காலையில் கவிதா அக்கா மாவு வாங்க வருவார். பையோடு சேர்த்துக் கொடுப்பேன். அப்பாவும் கடையில்தான் இருப்பார். சீட்டு உங்களிடமே இருக்கட்டும். பெரியம்மா என்ற வார்த்தையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.