லொவினா திறந்த பூட்டு

லொவினா பீப்பாய்க்காரனோடு ஓடிப்போனாள் என்று தேவாலய வாசலில் நின்று பேசுகிறாளே திர்சா, அவளுக்கு நாக்கு கூசவில்லையா? பீப்பாய் செய்கிற பிரைமஸ் ஏரியைத் தாண்டிக் கனடா போய்ச் சேர்ந்தது அறுவடைக் காலத்தில். லொவினா படியிறங்கியதோ பனி கொட்டும்போது. ஐம்பத்தெட்டு வயதில், வீங்கின முட்டியை வைத்துக்கொண்டு அவள் யாரோடு ஓடுவாள்?

அவள் கணவர் ஓபெட் ஜெயிலர். எங்கள் ஊரில் ஜெயிலும் ஜெயிலர் வீடும் ஒரே கட்டடம். அடுக்களைக் கதவைத் திறந்தால் கம்பி அறை. கைதிகளுக்குச் சோள ரொட்டி சுட்டுப்போடுவது லொவினாதான். அந்த அறையில்தான் பிரைமஸைக் கொண்டுவந்து அடைத்தார்கள். ஏழு வருஷமாக ஊருக்கெல்லாம் தொட்டி செய்து கொடுத்தவர். கென்டக்கியிலிருந்து ஒருவன் வந்து, இவன் என் அடிமை என்றான். ஓடிவந்த அடிமையைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன வாஷிங்டன் சட்டம் அவன் பக்கம். எங்கள் ஓஹையோ நீதிபதி, விட்டுவிடு என்று எழுதி அனுப்பினார். மத்திய அரசின் மார்ஷல், நாளை ரயிலில் ஏற்றும்வரை விடாதே என்று எழுதி அனுப்பினார். ஒரே காலையில், ஒரே வாசலுக்கு, இரண்டு காகிதம். ஊரும் அப்படியே இரண்டாகிவிட்டது. தேவாலயத்தில் அண்ணனும் தம்பியும் தனித்தனி பெஞ்சுக்குப் போனார்கள். சந்தைக்குத் துப்பாக்கியோடு வந்தார்கள். பிற்பாடு வடக்கும் தெற்கும் போரில் இறங்கிப் பீரங்கி வெடித்தபோது நாங்கள் யாரும் திடுக்கிடவில்லை.

ஓபெட் இரண்டு காகிதத்தையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போய்விட்டார். சாவி ஆணியில் தொங்கியது. ரொட்டித் தட்டோடு போன லொவினா திரும்பி வந்து சாவியை எடுத்தாள்.

"ஐயாவுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் பிரைமஸ்.

"ரொட்டிய எடுத்துக்கப்பா. கெளம்பு."

சாயங்காலம் வந்த ஓபெட் கத்தவில்லை. சம்மட்டியை எடுத்து நல்ல பூட்டை நொறுக்கினார். கூட்டம் புகுந்து உடைத்தது என்று மார்ஷலிடம் சொன்னார். யார் யார் என்று கேட்டதற்கு, பிரைமஸை விடச்சொல்லி முன்பு ஜெயில் வாசலில் நின்று கூச்சல் போட்ட பதினோரு பேரைச் சொன்னார். அதில் ஒருவர் சேணம் தைக்கிற எலியாப், இந்தத் திர்சாவின் புருஷன். பதினோரு பேரையும் கிளீவ்லாந்துக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள்.

நான்கு மாதம் லொவினா வாய் திறக்கவில்லை. அது தப்புதான், இல்லையென்று சொல்லமாட்டேன். முப்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்த மனுஷரைக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? வழக்குக்கு முந்தின நாள், ஓபெட் அவளுக்குச் சாட்சி சொல்லிக் கொடுத்தார்.

"கூட்டம் வந்துச்சு, பயந்துபோய் அடுக்களையில ஒளிஞ்சிக்கிட்டேன்னு சொல்லு. போதும்."

"என் அடுக்களையில நான் எதுக்குங்க ஒளியணும்?"

"வாயாடாதடி. உண்மையச் சொன்னா உன்னத்தான் உள்ள தள்ளுவாங்க. என் வேலையும் போயிடும்."

"பதினோரு வீட்டுல ஆம்பள இல்லாம கெடக்குறாங்க."

"இந்த வாசலத் தாண்டினா திரும்பி வராத, சொல்லிட்டேன்."

மறுநாள் விடிந்ததும் கைதிகளுக்கு அவரைக்கொட்டை வேகவைத்து இறக்கினாள். அடுப்பைச் சாம்பலால் மூடினாள். ஆணியில் சும்மா தொங்கிய சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, கோர்ட்டில் உண்மையைச் சொல்லக் கிளீவ்லாந்து ரயிலுக்குப் புறப்பட்டாள். ஸ்டேஷனுக்குத் திர்சா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். லொவினா பனியில் காலை இழுத்து இழுத்துப் போனாள். திர்சா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.