ஒரு முகத்துக்கு ஒரு ஸ்பொஞ்ச்

ஊர்காவற்றுறையில் கலியாணம் என்றால், மணப்பெண்ணை அலங்கரிக்க, எங்கள் பேச்சில் பொம்பிளை வெளிக்கிடுத்த, மேரிசுகந்தி அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். தலை, சேலை, முகம் எல்லாம் அவர் கைதான். யாழ்ப்பாணப் பட்டணத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அழகு நிலையங்கள் வந்த பிறகு வசதியானவர்கள் அங்கே போகத் தொடங்கிவிட்டார்கள். மிச்சப்பேருக்கு அவர்தான். ஸ்கூட்டியின் முன்னால் ஒரு நீலப் பெட்டியை வைத்துக்கொண்டு வருவார். பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் மேலே பிரிக்காத ஸ்பொஞ்ச் ஒன்றும் கத்தரிக்கோலும் இருக்கும்.

ஸ்பொஞ்ச் மலிவானது. பட்டணத்து மொத்தக்கடையில் பை பையாக வாங்குவார். பவுண்டேசனை முகத்தில் தட்டித் தட்டிப் பரப்புவது அதால்தான். கத்தரிக்கோல் எதற்கென்று புதிதாகப் பார்ப்பவர்களுக்கு விளங்காது. வேலை முடிந்ததும், பொம்பிளையின் கண்ணுக்கு முன்னாலேயே அந்த ஸ்பொஞ்சை இரண்டாக வெட்டுவார். துண்டுகளை அவருடைய கணவர் அருளப்பு அண்ணை வாங்கிப் படகு எஞ்சினைத் துடைப்பார். தன்னுடைய எஞ்சினைப்போல மேக்கப் போட்ட எஞ்சின் தீவகத்தில் வேறு இல்லை என்று இறங்குதுறையில் சொல்லித் திரிவார்.

இந்த வெட்டுக்குக் காரணமான ஏழு பேரில் நானும் ஒருத்தி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தேவாலயத்தில் எங்களுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்தது. சுகந்தி அக்கா தொழில் தொடங்கிய புதிது. ஏழு பிள்ளைகளையும் நீள வாங்கில் வரிசையாக இருத்தி, ஒரே ஸ்பொஞ்சால் ஏழு முகத்துக்கும் பூசினார். முதலாவதாக இருந்த நிலாந்தினிக்குக் கண்நோய் தொடங்கியிருந்தது யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் ஏழு பேருக்கும் கண்ணைத் திறக்க ஏலாமல் இமை ஒட்டிக்கிடந்தது. காற்றில் வந்திருக்கும், வெயிலுக்கு வந்திருக்கும் என்று அவர் சாட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழு வீட்டுப் படலையிலும் வந்து நின்று, பிழை தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். என் அம்மா அவரை உள்ளே கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து ஒரு முகத்துக்கு ஒரு ஸ்பொஞ்ச்.

போன ஆவணியில் அனோஜினிக்குக் கலியாணம். அவளும் அந்த ஏழில் ஒருத்தி. லண்டனிலிருந்து அவளுடைய மாமி யூலியட் வந்திருந்தார். பட்டணத்திலிருந்துதான் ஆள் பிடிக்கவேண்டும் என்று மாமி ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அனோஜினி கேட்கவில்லை. கலியாணத்தன்று காலை, துணைக்கு நாங்கள் சிலர் அறைக்குள் நிற்க, நீலப் பெட்டி திறந்ததும் மாமி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தன் கைப்பையிலிருந்து சின்னப் பெட்டியொன்றை எடுத்தார். அதற்குள் ரோஸ் நிறத்தில் ஒரு ஸ்பொஞ்ச். எங்களூர்க் காசுக்கு ஏழாயிரம் என்றார்.

"இதால செய்யும். உது மூட்டையா விக்கிற சாமான். படத்தில திட்டுத்திட்டாத் தெரியும்."

சுகந்தி அக்கா அதை வாங்கி அமத்திப் பார்த்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார்.

"நல்ல சாமான் அக்கா. ஆனா பாவிச்சது. இந்தா, இதில கறுப்பாப் புள்ளி நிக்குது."

"நான் மட்டும்தான் பாவிக்கிறனான். ஒவ்வொரு நாளும் கழுவுறனான்."

"ஓம். அப்ப இது உங்கட முகத்துக்கு. பொம்பிளைக்கு வைக்க ஏலாது."

மாமிக்கு முகம் சிவந்தது. போன் எடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் பட்டணத்திலிருந்து ஆள் வந்து நிற்கும் என்றார். வெளிக்கிடுத்த வந்தவரைக் கலியாண வீட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்கள் என்றால், பின்னேரத்துக்குள் பக்கத்து ஊர்களான சரவணை, புங்குடுதீவு எல்லாம் கதை போய்விடும். அதன் பிறகு யார் கூப்பிடுவார்கள்? எங்களுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும். அவர் நீலப் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"கூப்பிடுங்கோ. நான் போறன். பாவிச்சதை ஒரு பிள்ளைக்கும் வைக்கமாட்டன். ஏழு பிள்ளையளின்ர கண் வீங்கிக் கிடந்ததைப் பாத்தனான்."

கதிரையில் இருந்த அனோஜினி திரும்பினாள்.

"மாமி, அந்த ஏழில நானும் ஒண்டு. சுகந்தியக்கா போனா நான் முகத்தைக் கழுவிட்டு இப்பிடியே கோயிலுக்குப் போவன்."

பத்து மணிக்குப் பூசை. மாமி எழும்பிப் போய் சூட்கேசைக் கிளறி, அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதன் பிளாஸ்ரிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இதுக்கு என்ன சொல்லப்போறீர்?"

"இதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஆனா வேலை முடிய இதையும் வெட்டுவன்."

"வெட்டும், வெட்டும்" என்று மாமி சிரித்தார்.

இடப்பக்கம் ரோஸ், வலப்பக்கம் தன்னுடையது என்று சுகந்தி அக்காவே பிரித்துக்கொண்டார். தண்ணீரில் நனைத்ததும் ரோஸ் இரண்டு மடங்காக ஊதி, அவித்த முட்டைபோல மெதுமையாக வந்தது. பவுண்டேசன் அதன் மேலேயே நின்றது, கொஞ்சம் போதும். மலிவானது குடித்துக்கொண்டே இருந்தது. மூக்கோரத்தில் கோடு விழுந்தது. அவர் முனையால் திரும்பத் தட்டினார், அது போகும்வரை தட்டினார். இடக்கன்னம் முடிந்த நேரத்தைப்போல வலக்கன்னத்துக்கு இரண்டு மடங்கு எடுத்தது. பிறகு அனோஜினியை யன்னலடிக்குக் கூட்டிப்போனார். மாமி இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் நின்று பார்த்தார், போனில் படம் எடுத்துப் பெருப்பித்தும் பார்த்தார். வித்தியாசம் பிடிபடவில்லை.

"உங்கடது திறம் அக்கா, பொய் சொல்லமாட்டன். என்ரதால எண்டா கூடத் தட்டவேணும். தட்டுறன்" என்றார் சுகந்தி அக்கா.

கத்தரிக்கோலை எடுத்தார். தன்னுடையதை முதலில் வெட்டினார். அடுத்ததாக ரோஸை எடுத்தார்.

"அது ஏழாயிரம்" என்றார் மாமி மெதுவாக.

"விலை கேட்டு வெட்டுறேல்லை அக்கா."

ஈரமாக இருந்ததால் அது ஒரே வெட்டில் போகவில்லை. இரண்டாம் வெட்டில் போனது. அனோஜினி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

மாமி வந்து பொம்பிளையின் கதிரையில் இருந்தார்.

"நேரம் போகுது. எனக்கும் பூசிவிடும்."

சுகந்தி அக்கா மாமியின் சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"உங்கட முகத்துக்கு உங்கடதை வைக்கலாம் அக்கா. அதில பிழையில்லை."

மாமி அதைத் திறந்தார். யன்னல் பக்கம் திருப்பி அந்தக் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தார். மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.

"உம்மட பெட்டியில புதுசு ஒண்டைப் பிரியும்" என்றார்.

அன்று அருளப்பு அண்ணைக்கு ஆறு துண்டுகள் கிடைத்தன. அதில் இரண்டு ரோஸ் நிறம்.