பட்டியலில் ஐந்தாவது ஊர்

நாட்டிலுள்ள நானூற்றுப் பன்னிரண்டு நீதிமன்றங்களுக்கும் வருஷத்துக்கு எத்தனை கட்டுக் காகிதம் வேண்டும், எத்தனை மின்விசிறி மாற்ற வேண்டும், சாட்சி சொல்ல வருகிறவர்களுக்குப் பஸ் செலவு எவ்வளவு ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள் அவள். தலைமை நீதிமன்றத்தின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கு எதிர் அறை. வாசலில் ‘நிதிப் பிரிவு’ என்று பலகை தொங்கினாலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. “பட்ஜெட் அக்கா ரூமுக்குப் போ” என்பார்கள். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

அவள் வேலை கேட்பது. மழை ஓய்ந்ததும் எல்லா ஊர் நீதிமன்றங்களும் தங்கள் தேவையை எழுதி அனுப்பும். அவள் கூட்டிப் பார்த்து, பதிவாளரிடம் கையெழுத்து வாங்கி, நிதித்துறைக்கு அனுப்புவாள். நிதித்துறை வெட்டும். நீதிபதிகள், ஊழியர்கள் வாங்கிக்கொண்டிருக்கும் சம்பளத்தில் யாரும் கை வைப்பதில்லை. மற்ற செலவும், புதிதாகத் திறக்க வேண்டிய நீதிமன்றங்களும்தான் வெட்டுக்குப் போகும். மூன்றில் ஒரு பங்கு, எல்லா வருஷமும், கணக்காக. அதனால் அறுபது கோடி தேவைப்பட்டால் அவள் தொண்ணூறு என்று எழுதுவாள். முப்பதை வெட்டிவிட்டு அறுபதைக் கொடுப்பார்கள். கேட்கிறவர்களுக்கும் தெரியும், கொடுக்கிறவர்களுக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வெட்டுகிற அதிகாரிக்குக் கத்தரி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார்.

“என்னம்மா, இந்த வருஷம் துணி ரொம்ப நீளமா இருக்கே?” என்பார் போனில்.

“நீங்க வெட்டுவீங்கன்னு தெரியும்ல சார். கொஞ்சம் விட்டுத்தானே தைக்கணும்?”

இருவரும் சிரிப்பார்கள். அந்த வருஷத்து வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இந்த வருஷம் அவளுக்குச் சிரிப்பதைவிட முக்கியமான ஒரு காரியம் இருந்தது. அவள் வீட்டு மாடியில் குடியிருந்த கூடப்பிறந்த தம்பி.

தம்பி பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவன் என்று சொன்னால் சண்டைக்கு வருவான். ஒன்பது வருஷத்துக்கு முன், வெளியூர் வளைவு ஒன்றில், எதிரே வந்த மோட்டார் சைக்கிள் அவன் பஸ்ஸில் மோதியது. ஓட்டியவருக்கு ஒரு கால் போய்விட்டது. தப்பு யார் மேல் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அந்த ஊர் நீதிமன்றம். அதுவரை அவனுடைய லைசென்ஸ் வழக்குக் கட்டுக்குள் நூல் கட்டி உட்கார்ந்திருக்கும். அந்த ஊருக்கு இருப்பது ஒரே நீதிபதி, கையில் நாலாயிரத்துச் சொச்சம் வழக்கு. தம்பிக்கு இதுவரை நாற்பத்தொரு வாய்தா.

இப்போது டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். பழைய முதலாளி நல்ல மனுஷர், “கேஸ் முடிஞ்ச மறுநாள் வா, சாவி தர்றேன்” என்று சொல்லி வைத்திருந்தார். ஆனால் ஐம்பது வயது தாண்டியவரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்வது அந்தக் கம்பெனியில் கிடையாது. தம்பிக்கு நாற்பத்தெட்டு.

வாய்தாவுக்குப் போகும் நாட்களில் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இடம் பிடிப்பான். ஒவ்வொரு வளைவிலும் அவன் வலது கால் தரையை அழுத்தும். ஒரு தடவை கூடப் போயிருந்தபோது அக்கா அதைக் கவனித்தாள். “ஏன்டா, பஸ்ஸை நீயா ஓட்டுற?” என்று கேட்டதற்கு, “இவன் லேட்டா பிரேக் போடுறான்க்கா, நான் கொஞ்சம் உதவி பண்றேன்” என்றான்.

அந்த ஊரில் இரண்டாவது நீதிமன்றத்துக்குக் கட்டடம் கட்ட ஆறு வருஷம் ஆயிற்று. அதற்குப் பணம் பொதுப்பணித் துறையிலிருந்து வந்தது, கட்டடம் எழும்பியது. உள்ளே உட்கார வேண்டிய நீதிபதிக்கும் எழுத்தருக்கும் டைப்பிஸ்ட்டுக்கும் சம்பளம் அவள் கேட்டால்தான் வரும். இந்த வருஷம்தான் கேட்க முடியும். அப்படிப்பட்ட ஊர்கள் பதினொன்று இருந்தன. பதினொன்றையும் பட்டியலில் போட்டாள். வழக்கம்போல் எல்லாம் கிடைத்துவிடும். செய்யக் கூடாத காரியம் ஒன்றையும் செய்தாள்: தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

“நிஜமாவா?” என்றான். கையெல்லாம் டயர் கறுப்பு. “அப்ப நம்ம கேஸுக்குன்னு ஒரு ஜட்ஜு?”

“உன் ஒருத்தனுக்குன்னு இல்லடா. பாதி கேஸ் அங்க மாறும். உன்னது பழசு, முதல்ல எடுப்பாங்க.”

அதற்கு அடுத்த வாரம் புதுப் பதிவாளர் பொறுப்பேற்றார். மாவட்ட நீதிபதியாக இருந்து வந்தவர், கறாரான மனிதர். பழைய கோப்புகளை வரவழைத்து ஒரு நாள் முழுக்கப் படித்தார். மறுநாள் அவளைக் கூப்பிட்டார்.

“போன வருஷம் தொண்ணூறு கேட்டிருக்கோம், அறுபது வாங்கியிருக்கோம். அறுபதுல எல்லாம் நடந்திருக்கு. மீதி முப்பது எதுக்குக் கேட்டோம் மேடம்?”

“அது வெட்டுறதுக்கு சார்.”

“புரியல.”

“அவங்க எப்படியும் மூணுல ஒண்ணு வெட்டுவாங்க சார். அதுக்காக நாம கூடுதலா…”

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். “பொய்க் கணக்கு எழுதினவன நாம ஜெயிலுக்கு அனுப்புறோம். நாமளே இப்படி எழுதலாமா?”

“அது வழக்கம் சார். அவங்களுக்கும் தெரியும்.”

“வழக்கம்னு ஒருத்தன் சாட்சி சொன்னா நான் ஏத்துக்கிட்டதில்ல மேடம். உண்மையான தொகையப் போடுங்க. நான் நேர்ல போய்ப் பேசிக்கிறேன்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. என் தம்பி கேஸ் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து முப்பது கோடி பொய் சொல்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அறைக்குத் திரும்பி, அறுபது என்று டைப் அடித்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த விரல்கள் உண்மையை அடித்தன.

புது நீதிமன்றங்களின் பட்டியலை நிலுவை வழக்குகளின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்த வேண்டும். படிவத்தில் எண்ணிக்கையை நூறுக்கு முழுமையாக்கித்தான் எழுத வேண்டும். முதல் மூன்று ஊர்களில் குழப்பமில்லை. நான்காவது இடத்துக்கு இரண்டு ஊர்கள், இரண்டிலும் நாலாயிரத்து முந்நூறு. ஒன்று தம்பியின் கேஸ் நடக்கும் ஊர். சுட்டியை அந்த ஊர் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். பின்னால் யாராவது நோண்டிப் பார்த்து, தம்பி ஊரை மேலே தூக்கி வைத்தாள் என்று சொல்லிவிட்டால்? மற்ற ஊரை நான்காவதாகப் போட்டாள். தம்பி ஊரை ஐந்தாவதாகப் போட்டாள். பதிவாளரே நேரில் போய்ப் பேசினால் பதினொன்றும் கிடைத்துவிடலாம்; அப்போது நான்கென்ன, ஐந்தென்ன.

நிதித்துறைக் கூட்டம் நீள மேசையில் நடந்தது. மேசையைச் சுற்றிப் பெரியவர்கள். சுவரோரம் ஒரு வரிசை நாற்காலி, கோப்பு எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கு. பட்ஜெட் அக்கா பதிவாளருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சுவரோரம் இருப்பவர்கள் பேசுவது வழக்கமில்லை.

பதிவாளர் நன்றாகப் பேசினார். தொகையை ஊதிப் பெருக்கிக் கேட்கும் பழக்கத்தை நீதித்துறை விட்டுவிட்டது, இது தேவையான தொகை, ஒரு காசு கூடுதல் கிடையாது என்றார். கத்தரி பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்கைச் சொறிந்துகொண்டார்.

“ரொம்ப சந்தோஷம் சார். போன வருஷம் தொண்ணூறு கேட்டீங்க. இந்த வருஷம் நீங்களே அறுபதுன்றீங்க. அப்ப போன வருஷம் கேட்டதுல ஊதல் இருந்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.”

“ஆமா. அதனாலதான்…”

“இந்த அறுபதுல எவ்வளவு ஊதல் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் சார்?”

மேசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பதிவாளரின் பின்கழுத்து சிவந்ததை அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அறுபது நாற்பத்தொன்று ஆனது. புது நீதிமன்றங்கள் பக்கம் வந்ததும் கத்தரி பேனாவால் ஒரு கோடு போட்டார். “முதல் நாலு மட்டும். மத்தது பிறகு.”

அவள் மடியில் விவரத் தாள் இருந்தது. முழுமையாக்காத எண்ணிக்கை அதில் இருந்தது. நான்காவது ஊர்: 4,288. ஐந்தாவது: 4,341. தாளை உருவினாள். சரசரவென்ற சத்தத்துக்குக் கத்தரி நிமிர்ந்தார்.

“என்னம்மா?”

“சார்… நாலாவதும் அஞ்சாவதும் படிவத்துல ஒண்ணா தெரியுது. நிஜத்துல அஞ்சாவது ஊர்லதான் அம்பத்து மூணு கேஸ் கூட.”

“வரிசை போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

“நீங்க போட்ட வரிசைய நீங்களே அப்பீல் பண்றீங்களா? கோர்ட்டுக்காரங்கன்னு நிரூபிக்கிறீங்க!”

இந்தத் தடவை மேசை முழுக்கச் சிரித்தது. பதிவாளர்கூடச் சங்கடமாகச் சிரித்தார். கத்தரி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவள் தாளை மறுபடி கோப்பில் செருகினாள்.

நிதி ஒதுக்கீட்டு ஆணை வந்த இரண்டாம் வாரம் அடுத்த வருஷத்துக்கான சுற்றறிக்கையும் வந்துவிட்டது. பதிவாளர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். கேட்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது.

“மேடம், அடுத்த தடவ… பழையபடியே போட்டுருவோமா?”

அவள் சுற்றறிக்கையை அவர் முன் வைத்தாள். இனி எந்தத் துறையும் இந்த வருஷம் பெற்ற தொகையைவிட நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடுதலாகக் கேட்கக் கூடாது. இந்த வருஷம் பெற்றது நாற்பத்தொன்று.

“மறுபடி அறுபது எப்ப வரும்?”

கால்குலேட்டரில் ஐந்து ஐந்தாக ஏற்றித் தட்டினாள். எட்டாவது தட்டலில் அறுபதைத் தாண்டியது. “வெட்டாம குடுத்தாக்கூட எட்டு வருஷம் சார்.”

அவர் சுற்றறிக்கையை மடித்தார். “நான் தப்பா எதுவும் செய்யலையே மேடம்?” என்றார். “இல்ல சார்” என்றாள். வேறென்ன சொல்வது? எட்டு வருஷத்தில் தம்பிக்கு ஐம்பத்தாறு.

அடுத்த வாய்தாவுக்கு லீவு போட்டுவிட்டு அவளும் போனாள். புது நீதிமன்றம் திறக்கப்போவதில்லை என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அங்கே போயும், பெயர் கூப்பிட்டு, ஐந்து மாதம் தள்ளித் தேதி கொடுத்த பிறகுதான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். புதுக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனாள். பூட்டியிருந்தது. தம்பி ஜன்னல் கண்ணாடியில் கையைக் குடையாக வைத்து உள்ளே பார்த்தான். மேடை, சாட்சிக் கூண்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத நீதிபதி நாற்காலி.

“நல்லாத்தான் இருக்கு. எப்பக்கா தொறக்கறாங்க?”

“தொறக்கல. நாலு ஊருக்குத்தான் குடுத்தாங்க. இது அஞ்சாவது.”

“அஞ்சாவதா! பரவால்லையே. ஸ்கூல்ல நான் எப்பவும் கடைசி.”

சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம்.

“உன் ஊர அஞ்சாவதா போட்டது நான்தான்டா. நாலாவதா போட்டிருக்கலாம்.”

“ஏன்?”

“தம்பிக்காகச் செஞ்சாள்னு யாராவது சொல்லிருவாங்களோன்னு…”

தம்பி கண்ணாடியிலிருந்து கையை எடுத்தான். அவன் உள்ளங்கை பட்ட இடத்தில் கறுப்பாக அடையாளம் விழுந்திருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்தான்.

“உனக்கு ஒரு தம்பி இருக்கான்னு அங்க யாருக்குக்கா தெரியும்?” என்றான்.

குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. கேள்வியாகவே கேட்டான்.

திரும்பும் பஸ் காலியாகத்தான் இருந்தது. டிரைவருக்குப் பின்னால் இடம் இருந்தும் தம்பி நடுவில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டி அந்த வளைவு வந்தது. டிரைவர் தாமதமாகத்தான் பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். தம்பியின் வலது கால் மடங்கி, சீட்டுக்கு அடியில் கிடந்தது.