நாகலூர் நிறுத்தத்தில் அம்மா எழுதிய பலகை

இறைவனில் துயில் கொள்ளும் எங்கள் அன்பு அம்மாவின் முதலாண்டு நினைவு நாளில், இந்த நினைவுமலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம்.

அம்மா தலைச்சோலையில், காப்பித் தோட்டக் கூலிக் குடும்பத்தில் பிறந்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்த வருத்தம் அவர்களுக்கு ஆறவே இல்லை. திருமணமாகி நாகலூர் வந்தார்கள். அப்பா இளம் வயதிலேயே காலமானபின், சாலையோரத்து மாதா கோயிலைப் பெருக்கி, மணியடித்து, என்னையும் தம்பியையும் வளர்த்தார்கள்.

கோயில் வாசலில், பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி ஒரு கரும்பலகை இருந்தது. பூசை நேரமும் ஒரு திருவசனமும் அதில் எழுதுவது அம்மாவின் வேலை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாரும் அதைப் பார்க்கிறார்களே என்று, பங்குத்தந்தையிடம் அனுமதி பெற்று, கீழ்ப்பாதியில் ஊர்ச் செய்தியும் எழுதத் தொடங்கினார்கள். ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்தது, தடுப்பூசி போடும் நாள், காணாமற்போன ஆடு, எல்லாம் அதில் வந்தன. கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையில் இருந்த, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை.

"ஏனுங்கம்மா, ஆண்டவர் வசனத்துக்குக் கீழ ஆட்டுக்குட்டிய எழுதறீங்களே, நல்லாவா இருக்குது?"

"ஆண்டவரே ஆட்டத் தேடிப் போனவருதானுங்க!"

அவர் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசிப் பலகையையே கழற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே எனக்குப் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு. முதல் நாள் காலை, பஸ் வேலைநிறுத்தம் என்று வானொலியில் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார்கள். தேர்வு மையம் ஏற்காட்டில். சுற்றுத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் நிறுத்தத்துக்குத்தான் நடந்து வருவார்கள். அம்மா வசனத்தையும் சேர்த்தே அழித்தார்கள்! தூரத்து வண்டிக்கும் தெரியும்படி பலகை முழுக்க எழுதினார்கள்: "பஸ் இல்லை. பரீட்சைப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஏற்றிச் செல்லுங்கள்."

முதல் வண்டியே நின்றது! ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், வேனிலிருந்த மூட்டைகளைக் கோயில் வாசலிலேயே இறக்கிப் போட்டார். "ஏறுங்க சாமிகளா, மூட்ட எங்கயும் போயிராது!" அடுத்து ஒரு மலை விவசாயியின் மினி லாரி. நானும் ஏறப் போனேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"நீ இரு கண்ணு. தூரத்துலருந்து நடந்து வந்த புள்ளைங்க மொதல்ல போவட்டும். நம்மூட்டுப் புள்ள கடைசில ஏறலாம்."

எனக்கு வந்த கோபம்! லாரி போய்விட்டது. நானும் தாமதமாக ஓடிவந்த இரண்டு பெண்களும் நின்றோம். பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பதரை ஆகப்போகிறது, சாலையில் ஒரு வண்டியும் காணோம். அம்மாவின் உதடுகள் செபித்தன. கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

அப்போது வளைவில் ஒரு ஜீப் வந்தது. ரைட்டர் ஐயா! வண்டியை நிறுத்திப் பலகையைப் படித்தார். வசனம் அழிந்திருந்ததையும் பார்த்தார்.

"நொம்ப நேரமாயிருச்சுங்களே! ஏறுங்க, சீக்கிரம்!"

வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே பறந்தார். பள்ளி மணி அடிக்கும்போது நாங்கள் வாசலில் குதித்தோம்! நிறுத்தத்துக்கு வந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அன்று தேர்வைத் தவறவிடவில்லை. மாலையில் ரைட்டர் ஐயா ஒரு பெட்டி சாக்பீஸுடன் வந்தார். "பெரிசாவே எழுதுங்கம்மா," என்றார். அம்மா அழுததை அன்றுதான் பார்த்தேன். "உன்னய நிறுத்திப்போட்டு நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும் கண்ணு," என்றார்கள். என் கோபம் அங்கேயே போயிற்று.

மூச்சுத்திணறலால் அம்மா படுத்த கடைசி மாதங்களில் கஞ்சி காய்ச்சித் தந்த அண்டை வீட்டு அக்காமாருக்கும், குப்பனூர் வழியாகச் சேலம் மருத்துவமனைக்குப் பலமுறை அழைத்துச் சென்ற டிரைவர் தம்பிக்கும், இறுதிவரை செபித்த பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி.

அம்மாவின் மறைவைப் பலகையில் எழுத எனக்குக் கை வரவில்லை. விடிந்து பார்த்தபோது யாரோ எழுதியிருந்தார்கள்: "நம்ம அம்மா எறந்துட்டாங்க. எல்லாரும் வாங்க." பள்ளி அதிகம் போகாத கை. யாருடையதென்று இன்றுவரை தெரியவில்லை. நாகலூர்ச் சாலை நிறைய மனிதர்களைக் கூட்டி வந்த அந்தக் கைக்கும் எங்கள் நன்றி.